பெல் அடித்த பிறகு

“இது குழந்தை, பார்சல் இல்லன்னு வீட்ல அம்மாகிட்ட சொல்லுங்க. இடுப்பைச் சுத்திக் கோடு விழுந்து கிடக்கு. காலையில இவ்வளவு இறுக்கமா டயப்பரை ஒட்டி அனுப்பினா புள்ளை எப்படி மூச்சு விடும்?”

“சொல்றேன் ஆயாம்மா.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“இன்னைக்குக் கண்டிப்பா சொல்லிடறேன்.”

குழந்தைகள் காப்பகத்தின் கதவு பாதிதான் திறக்கும். அந்தப் பாதியில் நின்றுகொண்டு, என் மகளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, ஆயாம்மா எனக்குத் தினமும் மாலை அர்ச்சனை நடத்துவார். பின்னால் வரிசையில் நிற்கும் அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் தலையைச் சொறிவேன். பிறகு பட்டாணியை வாங்கிக்கொண்டு படியிறங்குவேன். பட்டாணி என்பது என் மகள். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். இப்போது கன்னம் தொங்கும் அளவுக்குத் தேறிவிட்டாள், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆயாம்மா சொல்லி அனுப்பும் அந்த ‘வீட்ல அம்மா’ உயிரோடு இல்லை. பட்டாணி தவழத் தொடங்குவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். காலையில் டயப்பரை இறுக்கி ஒட்டி அனுப்புவது நான்தான். பார்சல் கம்பெனிக் கிடங்கில் பெட்டி கட்டுவது என் பிழைப்பு. அதுவும் ஆயாம்மாவுக்குத் தெரியாது. ‘கம்பெனியில வேலை’ என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறை ‘பார்சல்’ என்னும்போதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஏன் இந்தப் பொய் என்று கேட்பீர்கள். பழைய ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தவர்கள் ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள் பாருங்கள், அந்த முகம்தான் என்னை ஊரை விட்டே துரத்தியது. புருவம் மேலே ஏறும், உதடு கீழே இறங்கும், தலை ஒரு பக்கமாகச் சாயும். மளிகைக்கடைக்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு என் கையை இரண்டு தட்டுத் தட்டுவார். பஸ்ஸில் எழுந்து இடம் விடுவார்கள். கிடங்கு மேஸ்திரி, ‘நீ கனமான பெட்டியைத் தூக்க வேணாம்ப்பா’ என்றார். பெண்டாட்டி போனால் முதுகெலும்புமா கூடவே போய்விடும்? அக்கா வந்து, ‘ஆம்பளை ஒத்தையா எப்படிடா வளர்ப்பே, என்கிட்ட விட்டுடு’ என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேறு ஊர்க் கிடங்குக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

புது ஊரில் காப்பகத்தைத் தேடிப் பிடித்து, பட்டாணியைச் சேர்க்கப் போனேன். அங்கே பொறுப்பில் இருக்கும் மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “அம்மாவும் வேலைக்குப் போறாங்களா?” என்று கேட்டார். “ஆமா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அம்மா நம்பர் சொல்லுங்க, அம்மாக்கள் குரூப்ல சேர்க்கணும்.” அவள் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் போன பிறகும் தினமும் அதைச் சார்ஜில் போடுவேன். எதற்கென்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. நம்பரைச் சொன்னேன். அன்றைக்கே அது டிங் என்றது. ‘பட்டாணி அம்மாவை வரவேற்கிறோம்’ என்று ஒரே பூவாகக் கொட்டியிருந்தார்கள். ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் நாள் மாலையே ஆயாம்மா என்னைத் திட்டினார். பையில் மாற்று உடுப்பு வைக்கவில்லையாம். “அம்மா வேலைக்குப் போனா அப்பா எடுத்து வைக்கக் கூடாதா? கையை வீசிக்கிட்டு வந்து நிக்கறீங்க!” எவ்வளவு நாளாயிற்று ஒருவர் என்னிடம் இப்படிப் பேசி! வழியெல்லாம் இளித்துக்கொண்டே போனேன். எல்லாப் பொறுப்பையும் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுத் திரியும் சோம்பேறிப் புருஷன். உலகத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களில் ஒருவனாக இருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? அந்தச் சுகத்தை யாரும் பிடுங்கிவிடக் கூடாது. புது ஊரில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போடுவேன். பட்டாணியைப் பாயில் இறக்கிவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்வேன். “ஆயாம்மா திட்டினாங்க. லூசா ஒட்டணுமாம்.” கிறுக்குத்தனம்தான். ஆனால் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே. சொல்லி முடித்ததும் வீடு முன்பைவிட அமைதியாகிவிடும். மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். குழாய் சொட்டும். பட்டாணி தன் கால் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள்.

லூசாக ஒட்டத்தான் எனக்குக் கை வரவில்லை. தளர்வாகக் கட்டியது வழியில் அவிழ்ந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மறுநாள் காலையும் இழுத்துத்தான் ஒட்டுவேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆயாம்மா அந்த ‘வீட்ல அம்மா’வைப் பாராட்டுவார். “அந்த டேப்போட முனையை நகம் அளவுக்கு மடிச்சு விடறாங்க பாருங்க, நல்ல யோசனை. ஈரக் கையோட பிரிக்கறதுக்கு லேசா இருக்கு. இப்ப எல்லாப் புள்ளைக்கும் நானும் அப்படித்தான் பண்றேன்னு சொல்லுங்க.” அது பெட்டி கட்டுகிறவன் பழக்கம். சுருளில் டேப்பின் முனை தொலைந்துபோகாமல் இருக்க மடித்து விடுவோம். கை என்னுடையது, பெயர் அவளுக்கு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்? இருந்தாலும் அன்று வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

இப்போது அந்த பெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்கள் வாசலில் இருக்கும் பெல்லை அழுத்த வேண்டும். ஆயாம்மா குழந்தையைத் தூக்கி, டயப்பரைத் தடவிப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றி, கதவருகே கொண்டுவருவார். அந்த நேரத்தில் பெல் ஓயாது. ஒரு பிள்ளை அழும், இன்னொன்று செருப்பைக் கடிக்கும், இருப்பது அவர் ஒருவர்தான். பெல் அடித்த பிறகு ஒரு பிள்ளை கக்கா போய்விட்டால் யார் மாற்றுவது? அதற்கு ஒரு கணக்கும் கிடையாது. ஆயாம்மாவுக்குக் கை ஓய்ந்திருந்தால் அவரே மாற்றுவார். இல்லையென்றால், திரைக்குப் பின்னால் இருக்கும் உள்ளறையில் மேசை இருக்கிறது, அம்மா உள்ளே போய் மாற்றிக்கொள்வாள். அப்பாக்கள் வாசலோடு சரி. உள்ளறையில் பால் கொடுக்கும் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கணக்கில்லாத கணக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, வங்கிக்காரம்மாவின் பையன் ஒரு நாள் நிறைந்த டயப்பரோடு காருக்குள் போகும்வரை. வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மா அன்றே குரூப்பில் பொரிந்து தள்ளினார். ‘நாத்தத்தோட புள்ளையைக் கையில திணிச்சு அனுப்பறாங்க. மாத்திக் கொடுக்கறது அவங்க வேலையா, நம்ம வேலையா?’ உடனே ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் இப்படி ஆச்சு, எனக்கும் இப்படி ஆச்சு. கடைசியில் ஒருவர், ‘பேசாம வேற ஆயா வைக்கச் சொல்லுங்க’ என்று எழுதினார்.

கிடங்கில் சாப்பாட்டு வேளை. பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் போனில் இதைப் படித்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரில் என்னைத் திட்டுவதற்கு இருப்பது ஒரே ஒரு ஆள், அவரையும் அனுப்பிவிடுவார்களா? கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டுத் தட்டினேன்.

‘பெல் அடிக்கிற வரைக்கும் அவங்க பொறுப்பு. பெல் அடிச்ச பிறகு குழந்தை நம்ம குழந்தை. சாயங்காலம் ஒத்தை ஆள் எத்தனை புள்ளைக்குத்தான் மாத்துவாங்க? உள்ள மேசை இருக்கு, நமக்குக் கை இருக்கு.’

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அது நான் பேசியது அல்ல. அவள் பேசியிருக்கிறாள். அத்தனை நாளாக ஒரு கட்டைவிரலோடு நின்றிருந்த பெயருக்கு அருகில் முதல் முறையாக வார்த்தைகள் இருந்தன. திரும்பத் திரும்ப அதையே படித்தேன். ‘பட்டாணி அம்மா சொல்றதுதான் நியாயம்’ என்று ஒருவர். ‘பட்டாணி அம்மாவுக்கு ஓட்டு’ என்று இன்னொருவர். மாலைக்குள் மேடம் அதையே விதியாகப் போட்டுவிட்டார். பெல் அடித்த பிறகு மாற்றுவது வீட்டாரின் பொறுப்பு.

அன்று ஆயாம்மா என்னைத் திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. “பட்டாணி அப்பா, உங்க வீட்டம்மா ஒருத்தர்தான் எனக்காகப் பேசினாங்க. மேடம் படிச்சுக் காட்டினாங்க. என்ன தைரியமா பேசறாங்க! ஒரு நாள் அவங்களைக் கூட்டிட்டு வாங்க, பாக்கணும்.”

“சொல்றேன் ஆயாம்மா.”

சொன்னேன். விளக்கைப் போட்டு, சமையலறையைப் பார்த்து, “உன்னைப் பாக்கணுமாம்” என்றேன். அன்றைக்கு எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அந்த வாரமே தெரிந்தது. பெல்லை அழுத்தினேன். ஆயாம்மா பட்டாணியைக் கொண்டுவந்தார். என்னைப் பார்த்ததும் பட்டாணி சிரித்தாள். பிறகு முகம் சிவந்தது, இரண்டு கையையும் முஷ்டியாக்கினாள், எல்லோருக்கும் கேட்கும்படி காரியத்தை முடித்தாள்.

“ஐயோ, இப்பதான் மாத்தினேன்!” என்று ஆயாம்மா உள்ளே திரும்பினார்.

“பெல் அடிச்சாச்சே,” என்றார் பின்னால் நின்ற வங்கிக்காரம்மா. குரலில் சர்க்கரை. “அவங்க அம்மா போட்ட ரூல்தானே?” எல்லோரும் சிரித்தார்கள்.

ஆயாம்மாவுக்குத் தர்மசங்கடம். திரையை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே யாரோ பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “அம்மா கிளம்பிட்டாங்களா பாருங்களேன். பத்து நிமிஷம் இருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“அவளுக்கு வேலை முடியல. நாங்க வீட்ல போய்ப் பாத்துக்கறோம்.”

“வீடு போற வரைக்கும் இப்படியேவா? வெந்துடாது? என்ன அப்பாவோ!”

பட்டாணியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். காப்பகத்தின் பக்கவாட்டில் வண்டி நிறுத்தும் கொட்டகை. என் ஸ்கூட்டர் சீட்டில் துண்டை விரித்து அவளைப் படுக்கவைத்தேன். ஒரு கையால் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் துடைத்து, தைலம் தடவி, புது டயப்பரை ஒட்டினேன். எனக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் என் தலைக்கு மேலே ஒரு ஜன்னல் இருந்தது. அது உள்ளறை ஜன்னல். அந்தப் பக்கம் மேசையைச் சுற்றி நின்று அம்மாக்கள் பேசுவது கேட்டது. யார் பிள்ளைக்குப் பல் முளைத்தது, யார் வீட்டில் தூக்கமே இல்லை, எந்த மாமியார் எதற்குக் கோபித்துக்கொண்டார். ஒருத்தி ஏதோ சொல்ல, எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் சமர்த்தாக இருப்பாளாம். என்னைப் பார்த்தால்தான் வரும். எனக்குக் கோபம் வரவில்லை. யாரைப் பார்த்தால் உடம்பு தளர்கிறதோ அவர்களிடம்தான் பிள்ளைகள் இப்படிச் செய்யும் என்று ஒரு நாள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது. அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் என்னைப் பார்த்துத் தளர்கிறவள் ஒருத்தியாவது இருக்கிறாள்.

ஒரு மாலை, ஸ்கூட்டர் சீட்டில் பட்டாணியின் டேப்பை ஒட்டி, முனையை மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு ஆயாம்மா தொட்டிக்கு வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மடிப்பு…” என்றார். “எத்தனை நாளா நீங்க மாத்தறீங்க?”

“முதல்லேர்ந்து.”

“காலையிலயும் நீங்கதானா? அப்ப அம்மா?”

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஷிஃப்ட் வேலை, வெளியூர் வேலை, எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் இவரிடம் அவளைப் பற்றி ஒரு முறையாவது உண்மையாகப் பேச வேண்டும் போலிருந்தது. ஆயாம்மாவுக்கும் அவளுக்கும் என் வழியாக அவ்வளவு பழக்கமாகியிருந்தது.

“செத்துப்போயிட்டா ஆயாம்மா. இவ தவழறதுக்கு முன்னாடியே.”

குப்பைப் பையைக் கீழே வைத்தார். புருவம் மேலே ஏறியது. உதடு கீழே இறங்கியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதே முகம். இவரிடமுமா நான் இதைப் பார்க்க வேண்டும்?

“தம்பி…” என்றார்.

அதுவரை நான் பட்டாணி அப்பா.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன் தம்பி.”

சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த விதியிலிருந்து என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறார். மேடத்திடம் சொன்னது வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாள் நான் படியேறும்போதே வரிசை விலகி வழிவிட்டது. வங்கிக்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கினார். பெல்லை அழுத்தக் கை நீட்டுவதற்குள் கதவு திறந்தது. பட்டாணிக்கு முகம் துடைத்து, தலை சீவி, புது டயப்பர் போட்டு, பையை மடித்து வைத்து, எல்லாம் தயாராக இருந்தது.

“கூட்டிட்டுப் போங்க தம்பி. மாத்தியாச்சு. இனிமே நீங்க சிரமப்பட வேணாம்.” மெத்தென்ற குரல். இந்தக் குரல் ஆயாம்மாவிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

நான் நகராமல் நின்றேன். “ஏதாவது சொல்லணுமா ஆயாம்மா?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

“இடுப்புல கோடு…?”

“அதெல்லாம் பரவாயில்ல தம்பி.”

பரவாயில்லையாம். நேற்று வரை பிள்ளை மூச்சுவிட முடியாமல் தவித்த கோடு, இன்றைக்குப் பரவாயில்லை. எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பட்டாணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். சொல்வதற்கு எதுவும் கொடுத்தனுப்பவில்லையே. அப்போது அவள் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். ‘இந்தக் குழுவிலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள்.’

மேடம் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். இறந்தவளின் போனுக்கு டயப்பர் செய்தி வந்துகொண்டிருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இறந்த அன்று சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது, யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அழ நேரமில்லை. இப்போது நிறைய நேரம் இருந்தது. பட்டாணி தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த மெத்தென்ற குரலை இன்னும் சில மாலைகள் பொறுத்துக்கொண்டேன். தினமும் வழி விட்டார்கள். தினமும் சுத்தமான பிள்ளை கைக்கு வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய ஊருக்கே திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் கிடங்கில் பெட்டி கட்டும்போது டேப் அறுந்தது, பெட்டியை எட்டி உதைத்தேன். இந்த ஊர் மேஸ்திரி, ‘என்னய்யா, புத்தி கெட்டுப்போச்சா?’ என்று கத்தினார். அந்த வசவு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்று மாலை கதவு எனக்காகத் திறந்தே இருந்தது. நான் வேண்டுமென்றே பெல்லை அழுத்தினேன். நீளமாக அழுத்தினேன். அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாத்தியாச்சு தம்பி,” என்று ஆயாம்மா பட்டாணியைக் கொண்டுவந்தார். பட்டாணி என்னைப் பார்த்தாள். முகம் சிவந்தது. முஷ்டி இறுகியது. என் செல்லம்!

“ஒரே நிமிஷம் தம்பி, நான் மறுபடி…”

“கொடுங்க ஆயாம்மா.”

“பரவாயில்ல தம்பி, நான் பாத்து…”

“பெல் அடிச்சாச்சு,” என்றேன். குரல் நினைத்ததைவிட ஓங்கிவிட்டது. “பெல் அடிச்சா குழந்தை என்னுது. அந்த ரூலை அவ சொல்லல. அவ போன்ல நான்தான் எழுதினேன். அது தப்புன்னா திட்டுங்க. ஆனா எனக்கு மட்டும் தனியா ஒண்ணும் செய்யாதீங்க. வழி விடாதீங்க. எல்லாருக்கும் எப்படியோ எனக்கும் அப்படியே இருக்கட்டும். அந்த மேசையை மட்டும் கொடுங்க, போதும்.”

வங்கிக்காரம்மாவின் பையன் மட்டும் ‘ப்பா ப்பா’ என்று தன் செருப்பிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஆயாம்மா பட்டாணியை என் கையில் கொடுத்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “உள்ள யாரு? சேலையைச் சரி பண்ணிக்குங்க, ஒரு அப்பா வர்றாரு!”

கதவின் மறுபாதியையும் திறந்தார். அது திறக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

உள்ளறை சின்னதுதான். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, மேலே ஓரம் கிழிந்த மெத்தை, பக்கத்தில் மூடிபோட்ட வாளி, சுவரில் அந்த ஜன்னல். ஜன்னல் வழியாக என் ஸ்கூட்டர் சீட்டு தெரிந்தது. பட்டாணியைப் படுக்கவைத்தேன். கணுக்காலைப் பிடித்தேன், துடைத்தேன், தடவினேன். ஆயாம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையருகே வங்கிக்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் டயப்பரை விரித்து, டேப்பை இழுத்து ஒட்டி, முனையை மடித்தேன். ஆயாம்மா மூச்சை இழுப்பது கேட்டது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. அடுத்த பக்கத்து டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

“என்ன பண்றீங்க பட்டாணி அப்பா!” வெடித்துவிட்டார். “புள்ளையை எந்த ஊருக்கு அனுப்பறீங்க, இப்படி இழுத்துக் கட்டறீங்க? ரெண்டு விரல் உள்ள போகணும், ரெண்டு விரல்! எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன்! அந்த வீட்ல ஒருத்தராவது காதுல போட்டுக்கிட்டீங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயை மூடிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. திரையருகே யாரோ ‘ச்சே’ என்றார்கள்.

“இல்ல ஆயாம்மா,” என்றேன். “ரெண்டு பேருமே போட்டுக்கல.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொண்ணு. நான் வேலை பாக்கறது பார்சல் கம்பெனியில.”

முதலில் வங்கிக்காரம்மாவுக்குத்தான் புரிந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் புர்ரென்று சிரித்தார். ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டார். “நல்லா வந்து மாட்டினேன்! தள்ளுங்க, தள்ளுங்க” என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டு, இரண்டு டேப்பையும் பிரித்து, தளர்த்தி ஒட்டி, தன் இரண்டு விரலை உள்ளே விட்டுக் காட்டினார். “பாத்துக்கிட்டீங்களா? நாளைக்குக் கோடு இருந்துச்சு, உங்களை உள்ள விட மாட்டேன்.”

“சரி ஆயாம்மா.”

“தலையை ஆட்டறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

படியிறங்கும்போது என் முன்னால் யாரும் விலகவில்லை. வரிசையில் இடித்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போனைச் சார்ஜில் போட்டேன். அதை விடுவதற்கு இன்னும் மனம் வரவில்லை. இன்றைய திட்டு முழுக்க எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஆளும் இல்லை, தேவையும் இல்லை. அது தெரிந்தேதான் சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

“ரெண்டு விரல் போகணுமாம்,” என்றேன்.

பட்டாணிக்குத் தூங்குவதற்கு முன் மாற்றும்போது, பழக்கத்தில் இழுத்து ஒட்டிய டேப்பைப் பிரித்து, தளர்த்தி மறுபடி ஒட்டினேன். அவள் வயிற்றுக்கும் டயப்பருக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. அவள் மூச்சு விடும்போது வயிறு வந்து விரலைத் தொட்டுவிட்டுப் போனது. அவிழ்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.